சங்கிலி அண்ணன் காலத்துப் பாட்டு

8.9.2024, ஞாயிறு

பிரவின் அண்ணாவும் தேஜாவும் காலையிலேயே வந்துவிட்டார்கள். மாவு காணாது என்று உப்புமா கிண்டினேன். இருவரும் இவருடைய காலேஜ் கூட்டாளிகள். மாதத்தில் ரெண்டு ஞாயிறு எங்கள் ஹால் அவர்களுக்குத்தான்.

பேச்சு ஒரே பேச்சு. பழைய அமெரிக்க ராப் பாட்டு. எண்பதுகளில் அங்கே வந்து, அங்கே பழசாகி, அப்புறம் யாரோ ஒரு சிங்கப்பூர் மாமா கேசட்டில் கொண்டுவந்து இவர்கள் ஹாஸ்டலில் தேயத் தேயக் கேட்டது. பாடினவர்களின் நிஜப் பெயர் என் வாயில் நுழையாது. இவர்கள் வைத்த பெயர்தான் தெரியும். கழுத்தில் தாம்புக்கயிறு கனத்துக்குத் தங்கம் போட்டவர் சங்கிலி அண்ணன். குரலே உயர்த்தாமல் செய்தி வாசிப்பதுபோல் பாடுகிறவர் நியூஸ்காரர்.

இன்றைக்கு எந்தக் காலம் உசத்தி என்று சண்டை. ரவுடித்தனத்தைப் பாடுகிற துப்பாக்கிப் பாட்டு வந்த பிறகுதான் உலகமே திரும்பிப் பார்த்தது என்று தேஜா. "அது வந்துதாண்டா கெட்டுது!" என்று இவர் எழுந்தே நின்றுவிட்டார். "ஒரு டிரம் மெஷின், ரெண்டு மைக்கு. தெருவுல கரண்டு திருடிப் பாடுனானுக. அதுல பொய் இருந்துச்சாடா?"

மத்தியானம் வரை ஓயவில்லை. மகள் நித்யா காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அவர்கள் போனபின் இவர் என்னிடம் பேசியது: "மோட்டார் போட்டாச்சா?"

கல்யாணமான நாள் முதல் என்னிடம் ஒரு தடவையாவது இப்படி மூச்சு விடாமல் பேசியதுண்டா? யோசித்துப் பார்த்தேன். வேண்டாம், யோசித்து என்ன ஆகப்போகிறது.

19.9.2024

ஆஸ்பத்திரி. பல் தேய்க்கப் போனவர் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டே சரிந்தார். வாய் ஒரு பக்கமாக— கூப்பிட்டேன், என்னைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

23.9.2024

மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்துவிட்டதாம். வலது கையும் காலும் வரவில்லை. டாக்டர் சொன்னார்: "நீங்க பேசறது அவருக்கு முக்கால்வாசி புரியுதுங்க. அவருக்குத்தான் வார்த்தை எடுக்க வர்லை."

வயசு நாற்பத்தாறு. பம்ப் கம்பெனியில் இவர் கையெழுத்துப் போட்டால்தான் மோட்டார் லாரி ஏறும். அந்தக் கைதான் இப்போது போர்வை மேல் யாருடையதோ போலக் கிடக்கிறது.

6.10.2024

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வெள்ளகோவிலில் இருந்து அத்தை வந்திருக்கிறார். மகன் தலைமாட்டில் உட்கார்ந்து, "எஞ்சாமி, ஒரே ஒரு வார்த்தை பேசு சாமி" என்று தடவிக்கொண்டே இருக்கிறார். இவர் வாயைத் திறக்கிறார். காற்று வருகிறது. முகம் சிவக்கிறது. அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார்.

பேச்சுப் பயிற்சிக்கு இளவேனில் என்று ஒரு பெண் வாரம் ரெண்டு தரம் வருகிறாள். சின்ன வயசு, பொறுமைசாலி. "தெரிஞ்ச பாட்டு ஏதாச்சும் பாடச் சொல்லிப் பாருங்க, சிலருக்கு வரும்" என்றாள். அத்தை முருகன் பாட்டு பாடினார். நான் சினிமாப் பாட்டு பாடினேன். ஒன்றும் இல்லை.

20.10.2024, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

பிரவின் அண்ணாவும் தேஜாவும் வந்தார்கள். தேஜா இவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரவின் அண்ணா சும்மா டீப்பாயில் விரலால் தட்டினார். தட்டிக்கொண்டே சங்கிலி அண்ணன் பாட்டு ஒன்றை மெதுவாக ஆரம்பித்து, பாதி வரியில் நிறுத்திவிட்டார்.

மீதி வரியை இவர் சொன்னார்.

அடுத்த வரி. அதற்கடுத்தது. இங்கிலீஷ் வார்த்தைகள், வேகவேகமாக, ஒன்றுகூட இடறாமல். வாய் கோணியிருந்தது, ஆனால் தாளம் தப்பவில்லை. தேஜா வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதான். சமையல்கட்டில் இருந்து அத்தை ஓடிவந்தார். "எம்பையன் பேசீட்டான்! அம்மணி, பேசீட்டான் பாரு!"

பாட்டு முடிந்தது. இவரே சிரித்தார். நான் பக்கத்தில் மண்டிபோட்டு, "ஏனுங்க, தண்ணி வேணுங்களா?" என்றேன்.

உதடு அசைந்தது. த... த... அவ்வளவுதான். பழையபடி காற்று.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில் என்று அத்தை நினைத்துக்கொண்டார். எனக்கு வந்தது கோபம். ஊர் பேர் தெரியாத எவனோ எழுதிய வரி மொத்தமும் உள்ளே பத்திரமாக இருக்கிறது. என் பேர் இல்லை. நித்யா பேர் இல்லை. இத்தனை வருசம் கூட இருந்து என்னத்தக் கண்டேன் நான்?

24.10.2024

இளவேனிலிடம் கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன். அவள் சொன்னது: "பாட்டு இருக்கற எடம் வேற, பேச்சு வர்ற எடம் வேறங்க. பேச்சுப் பக்கம் அடிபட்டுருச்சு, பாட்டுப் பக்கம் தப்பிச்சுருச்சு. உங்க மேல பாசம் இல்லைன்னு அர்த்தம் இல்லீங்கக்கா. ஆனா பாடறதும் பேசறதும் ஒண்ணாகாது. அந்தத் தாளத்துல ரெண்டு வார்த்தையை ஏத்தி உள்ள கடத்திப் பாக்கலாம்."

31.10.2024

தீபாவளி. பட்டாசுச் சத்தத்துக்கு இவர் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஜன்னலையெல்லாம் சாத்தினேன்.

9.11.2024

பிரவின் அண்ணாவிடம் அந்தப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி வாங்கினேன். சப்பாத்தி தேய்க்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். மூச்சு எங்கே விடுவதென்றே தெரியவில்லை. நித்யா சிரிக்கிறாள். "அம்மா, நீ சகஸ்ரநாமம் மாதிரி சொல்றே." செப்டம்பருக்கு அப்புறம் இவள் சிரித்து இப்போதுதான் கேட்கிறேன்.

ஞாயிறுகளில் கூட்டாளிகள் வருகிறார்கள். பழைய கதை பேசுகிறார்கள். ஹாஸ்டலில் கரண்டு போனால் பேட்டரி டார்ச் செல்லைப் பிடுங்கி டேப்பில் போட்டது. நியூஸ்காரர் பாட்டை எழுதி எடுக்க ரீவைண்ட் பண்ணிப் பண்ணி டேப்பே சிக்கிக்கொண்டது. இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போகிறது. நானும் உட்கார்ந்து கேட்கிறேன். இவருக்கு இருபது வயதில் இப்படியொரு சந்தோஷம் இருந்தது என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

17.11.2024

"தண்ணி." சொன்னார். நித்யா டப்பாவில் தட்ட, நான் பாட்டு மெட்டில் "தண்-ணி வே-ணும்" என்று இழுக்க, எடுத்துச் சொல்லிவிட்டார். தாகமே இல்லாமல் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லிக் குடித்தார்.

1.12.2024

"நித்தி" என்றார். முழுசாக வரவில்லை. போதும். அவள் ஓடிவந்து இவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

10.12.2024



ஞாயிற்றுக்கிழமை இவர் பாடும்போது பிரவின் அண்ணா செல்போனில் பிடித்திருக்கிறார். அவர்களுடைய ரசிகர் குரூப்பில் போட்டிருக்கிறார். அங்கிருந்து எவனோ எடுத்து வெளியில் போட்டு, இப்போது லட்சக்கணக்கான பேர் பார்த்தாகிவிட்டது. பாதிப்பேர் அதிசயம் என்று கும்பிடுகிறார்கள். மீதிப்பேர்— எழுதவே கூசுகிறது. இவர் வாய் கோணுவதை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கீழே கழுதைச் சத்தம் சேர்த்திருக்கிறான் ஒருத்தன்.

நித்யா வகுப்பில் எல்லார் போனிலும் அது. ஒரு பையன் இவள் முன்னால் வாயைக் கோணிக்கொண்டு பாடிக் காட்டியிருக்கிறான். ஸ்கூலில் இருந்து வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

11.12.2024

இவர் பார்த்துவிட்டார். இடது கையால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தார். பாட்டுத்தானே கேட்கிறார் என்று விட்டுவிட்டேன். கழுதைச் சத்தம் கேட்டு ஓடினேன். நித்யா காட்டவில்லை, நான் காட்டவில்லை, தானாக வந்து நின்றிருக்கிறது. தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ரெண்டு மாதமாக வீட்டுக் கண்ணாடியை எல்லாம் திருப்பி வைத்திருந்தேன்.

15.12.2024, ஞாயிறு

பிரவின் அண்ணா வந்தார். கேட்டிலேயே நிறுத்தினேன்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் போட்டேன் தங்கச்சி. நம்ம குரூப்புல எல்லாரும் கிருபா எப்படி இருக்கான், எப்படி இருக்கான்னு கேட்டாங்க..."

"எம்புள்ள கட்டலுக்கடீல படுத்திருக்குதுங்கண்ணா. போயிருங்க. இனி இந்த ஊட்டுப் பக்கம் வராதீங்க."

தேஜா பைக்கில் உட்கார்ந்தபடி தலையைக் குனிந்துகொண்டான். அவனையும் சேர்த்துத்தான் சொன்னேன். உள்ளே வந்து பார்த்தால் இவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டார்.

14.1.2025

பொங்கல். வாயைத் திறப்பதில்லை. பாட்டும் இல்லை, 'தண்ணி' என்ற வார்த்தையும் இல்லை. டப்பாவில் தட்டினால் இடது கையால் டப்பாவைத் தள்ளிவிடுகிறார். பேச மாட்டேன் என்று மூளை சொல்லவில்லை, இவர்தான் சொல்கிறார் என்கிறாள் இளவேனில். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு ஒன்றுதான்.

8.2.2025

அத்தை வெள்ளகோவிலுக்கே போய்விட்டார். "பாக்கப் பாக்க நெஞ்சு அடைக்குது கண்ணு" என்றார். நானும் கூடவே போய்விடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது.

வீட்டில் சத்தமே இல்லை. உப்புமா கிண்டிக்கொண்டு, எப்படா போவார்கள் என்று உட்கார்ந்திருந்த ஞாயிறுகளை நினைத்துக்கொள்கிறேன்.

11.3.2025

மருந்துக்கடையில் தேஜாவைப் பார்த்தேன். இளைத்திருந்தான். பிரவின் அண்ணா அந்த வீடியோவை எடுக்கச் சொல்லி ஒவ்வொருத்தனுக்கும் எழுதிக்கொண்டே இருக்கிறாராம். ஓரிடத்தில் எடுத்தால் இன்னோரிடத்தில் முளைக்கிறதாம். "பாட்டே கேக்கறது இல்லீங்க லோகா. வண்டில இருந்த சிஸ்டத்தைக் கழட்டிக் குடுத்துட்டான்."

சாயந்திரம் நித்யாவிடம் கேட்டேன், அவர்களை வரச் சொல்லட்டுமா என்று. நோட்டை மூடி வைத்தாள். அப்புறம், "போனை வெளியிலேயே வாங்கி வச்சுக்கோ" என்றாள்.

16.3.2025, ஞாயிறு

வந்தார்கள். நித்யா வாசலிலேயே கையை நீட்டினாள். ரெண்டு பேரும் போனைக் கொடுத்தார்கள். பிரவின் அண்ணா அவளிடம் ஏதோ சொல்ல வந்து, முடியாமல் கும்பிட்டார். அவள் திரும்பிக் கும்பிடவில்லை. போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள்.

இவர் அவர்களைப் பார்க்கவே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். யாரும் பாடவில்லை. பாடச் சொல்லவும் இல்லை. நான் டீ வைத்தேன்.

அப்புறம் அவர்கள் ரெண்டு பேரும் தங்களுக்குள்ளேயே மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். வேறென்ன, அதேதான். நியூஸ்காரரின் முதல் கேசட், அதன் அட்டையில் இருந்த பச்சைச் சட்டை. தேஜா சொன்னான், நியூஸ்காரர்தான் முதலில் வந்தார், அவரைப் பார்த்துத்தான் சங்கிலி அண்ணன் பாடக் கற்றுக்கொண்டார் என்று.

"இல்ல."

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு பாதி ஹாலில் நிற்கிறேன். யார் சொன்னது?

இவர் திரும்பியிருந்தார். தேஜாவை முறைத்துப் பார்த்தார். "இல்ல. இல்ல. இல்ல."

பாட்டில் அந்த வார்த்தை கிடையாது. யாரும் தட்டவில்லை, இழுக்கவில்லை. இவரே எடுத்த வார்த்தை. "செரிடா, செரிடா, சங்கிலி அண்ணன்தான் மொதல்ல" என்று தேஜா அழுதுகொண்டே சொன்னான். தெரிந்தே தப்பாகச் சொன்னானா என்று கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

2.4.2025

அந்த ஒரு வார்த்தைதான். சாப்பிடறீங்களா, இல்ல. வலிக்குதுங்களா, இல்ல. தட்டை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துகிறார், வாய் இல்ல என்கிறது. ஆமாம் என்பதற்கும் அதுதான். இளவேனிலுக்கு முகம் விழுந்துவிட்டது. சிலருக்கு இப்படி ஒரு வார்த்தையோடு நின்றுவிடுவதும் உண்டு என்றாள். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். நின்று, "தெரியலீங்கக்கா" என்றாள்.

20.4.2025

நித்யா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "அப்பா, நான் யாருன்னு தெரியுதா?"

"இல்ல."

அவள் எழப் பார்த்தாள். எழ முடியவில்லை. இடது கையால் அவள் மணிக்கட்டை அத்தனை இறுக்கமாகப் பிடித்திருந்தார். விட்டபோது விரல் பதிந்திருந்தது. சாயந்திரம் வரை அந்தத் தடத்தை அவள் தடவிக்கொண்டே இருந்தாள்.

18.5.2025

கம்பெனியில் இருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இனி வேலைக்குத் திரும்ப வழியில்லை என்பதை அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சயின்ஸ் டீச்சராக இருந்தேன். கோவில்பாளையத்தில் ஒரு ஸ்கூலில் சொல்லி வைத்திருக்கிறேன்.

2.6.2025, திங்கள்

முதல் நாள் வேலை. பகலில் பார்த்துக்கொள்ள நஞ்சம்மாள் என்று ஒரு அக்கா வந்துவிட்டார். கஞ்சி எது, மாத்திரை எது என்று காட்டினேன். அந்த ஒரு வார்த்தையைப் பற்றியும் சொன்னேன். "சத்தத்த வச்சுக் கண்டுபுடிக்கோணுங்க. இழுத்துச் சொன்னா வேணும். வெடுக்குன்னு சொன்னா வேண்டாம். ஞாயித்துக்கெழமை கூட்டாளிக வந்து பழைய பாட்டப் பத்திப் பேசுவாங்க, அப்பச் சொல்றது மட்டும் நெஜமாவே இல்லதான்."

சேலையைச் சரி பண்ணிக்கொண்டு இவர் முன்னால் போய் நின்றேன். "ஏனுங்க, ஸ்கூலுக்குப் போய்ட்டு வரட்டுங்களா?"

என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இல்ல" என்றார்.

இந்தச் சத்தம் எனக்குப் புதுசாக இருந்தது. இழுத்தும் இல்லை, வெடுக்கென்றும் இல்லை. போ என்கிறாரா, போகாதே என்கிறாரா? பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

பஸ்ஸை விட்டுவிட்டேன்.