என் காதுக்கு அளந்த குரல்

இஞ்சருங்கோ,

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் இந்த ஒரு சொல்லால்தான் உங்களைக் கூப்பிட்டேன். கடிதத்திலும் வேறு சொல் வரமாட்டேன் என்கிறது. கூப்பிட்டவுடன் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக்கொண்டு "என்னப்பா?" என்பீர்கள். அதற்கு இடம்விட்டு ஒரு வரி தள்ளி எழுதுகிறேன்.

உங்கள் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியிருக்கிறார். வருடம் முடிய வருகிற ஆட்டைத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறாராம். "அண்ணி, நீங்களும் ஒரு பக்கம் எழுதவேணும். அண்ணன்ர நல்ல குணங்களை எழுதுங்கோ. சீனப் பிள்ளையளுக்கே இங்கிலிஷ் படிப்பிச்ச மனுசன் எண்டு போடுங்கோ" என்று கேட்டிருக்கிறார். உங்கள் நல்ல குணங்களை எழுத அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் செய்த ஒன்றை எழுத என்னை விட்டால் ஆளில்லை. அதை உங்களுக்கே கடிதமாய் எழுதி மலருக்கு அனுப்புகிறேன்.

முதலில் வீட்டு நிலவரம். மெல்பன் புறத்தில், எங்கள் நோபல் பார்க்கில் குளிர் தொடங்கிவிட்டது. பின்பக்கத்து எலுமிச்சை இந்த முறை நிறையக் காய்த்தது. பறிக்க ஆளில்லாமல் விழுகிறது. பக்கத்து வீட்டு டொரீன் கலர் தொலைக்காட்சி வாங்கிவிட்டாள். வந்து பார் வந்து பார் என்று வேலிக்கு மேலால் கூப்பிட்டாள். ஒருநாள் போய் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தேன். சாமி அலுமாரியில் விளக்கு ஒருநாளும் தவறவில்லை. இந்த ஊரில் கோயிலும் இல்லை, ஐயரும் இல்லை. உங்களைத் தகனத்துக்குக் கொண்டுபோன அன்று பதிகம் படித்ததும் நான்தான். குரல் நடுங்காமல் படித்தேன்.

மலரை வாசிக்கிறவர்களுக்கு நீங்கள் இங்கே செய்த வேலை தெரியாது. எழுபத்து மூன்றில் வந்து, மெல்பன் நகரத்துக்குள் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தீர்கள். ஹொங்கொங்கிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பதினாறு பதினேழு வயதில் தனியே வந்த சீனப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். வருட முடிவில் ஆங்கிலச் சோதனை. அதில் இரண்டு பகுதி. ஒன்று, தாளில் உள்ளதை வாசித்து விடை எழுதுவது. மற்றது, ஒருவர் வாசிப்பதைக் காதால் கேட்டு விடை எழுதுவது. இரண்டிலும் தனித்தனியே பாஸ் பண்ணினால்தான் கடைசி வகுப்புக்குப் போகலாம்.

அந்தப் பிள்ளைகள் வாசிப்பில் சூரர்கள். அகராதியைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தவர்கள். கேட்பதில்தான் திணறினார்கள். "கண்ணால வந்த பாஷை காதுக்குள்ள இறங்குதில்லை" என்று முதல் வருடமே சொல்லிக் கவலைப்பட்டீர்கள். பிறகு ஒரு கசெற் ரெக்கோடர் வாங்கி, பயிற்சிச் சோதனைகளை நீங்களே எழுதி, நீங்களே வாசித்துப் பதியத் தொடங்கினீர்கள்.

சனிக்கிழமை காலை எங்கள் குசினிதான் பதிவு நிலையம். ஃபிரிட்ஜ் இரைகிறது என்று பிளக்கைக் கழற்றுவீர்கள். ஹீற்றரும் நிற்கும். குளிருக்குள் நீங்கள் மேசையின் ஒரு பக்கம், நான் மறுபக்கம். கேள்விக்குக் கேள்வி நான் பித்தளைத் தம்ளரில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டவேண்டும். சாமி மணியைத்தான் முதலில் கேட்டீர்கள். "சோதனைக்கெல்லாம் சாமியைக் கூப்பிடாதேங்கோ" என்று நான் தரவில்லை. பதிந்து முடிந்து பிளக்கைத் திரும்பப் போட மறந்து இரண்டு தரம் பால் கெட்டது. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கசெற், என்ன பந்தி, எத்தனையாம் வாசிப்பு, எத்தனை நிமிடம் என்று.

நான் தட்டுகிறவள் மட்டும் இல்லை. வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்ப்பீர்கள்.

"உமக்கு விளங்கினதோ?"

"கடைசிப் பந்தி பிடிபடேல்லை. கொஞ்சம் ஆறுதலாய் வாசியுங்கோ."

அழித்துவிட்டு மெதுவாக வாசிப்பீர்கள். இன்னும் விளங்கவில்லை என்றால் மூன்றாம் தரமும். "எட்டாம் வகுப்போட நிண்ட உமக்கு விளங்கினால், அதுகளுக்கு விளங்காமல் போகுமே?" என்பீர்கள். அது சரியான கணக்கு என்றுதான் நானும் நினைத்தேன். பால் மா ரின்னிலும் பழைய பேப்பரிலும் எழுத்துக் கூட்டி ஆங்கிலம் படித்தவள் நான். என்னை எதிரே இருத்தி, இது விளங்குகிறதா என்று கேட்ட ஒரே மனிதர் நீங்கள்.

சியூ லிங்கை எழுதாமல் இருக்க முடியாது. ஹொங்கொங் பிள்ளை. தகப்பன் வகுப்புக்கு ஒரு வருடம் என்று எண்ணி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஏறிப் பயிற்சிக்கு வருவாள். வெறுங்கையோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஒவ்வொரு முறையும் இரண்டு தோடம்பழம். நான் அதைச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டு, போகும்போது ஒன்றை அவள் பைக்குள் திரும்பப் போடுவேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவளையும் என்னையும் மேசையில் இருத்திக் கசெற்றைப் போட்டுவிடுவீர்கள். இருவரும் விடை எழுதவேண்டும். திருத்திவிட்டு ரேடியோக்காரன் மாதிரி எங்கள் ஊர்ப் பேர்களைச் சொல்லி அறிவிப்பீர்கள்.

"ஹொங்கொங் எட்டு. சாவகச்சேரி அஞ்சு."

"சாவகச்சேரி கறியையும் பாத்துக்கொண்டு எழுதினது. ரெண்டு கூடப் போடுங்கோ" என்பேன்.

அவளுக்கு அதை ஆங்கிலத்தில் சொல்ல, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவளுக்கு நீங்கள் சேர், நான் அன்ரி. ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அன்ரி, சேர் வாசித்தால் எனக்கு ஒரு சொல்லும் தப்பாது. ட்ராமில் கண்டக்டர் கதைத்தால் ஒன்றும் விளங்காது, சில்லறையை மட்டும் நீட்டுவேன்." மூன்று பேரும் சிரித்தோம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

உங்களுக்கு உறைத்தது. அதனால்தான் அடுத்த சனிக்கிழமை டொரீனைக் கூட்டிவந்தீர்கள். "இந்த நாட்டுக் குரலையும் அதுகள் கேட்கவேணும்" என்றீர்கள். மழையால் தள்ளிப்போன ஒரு பஸ் பயணத்தைப் பற்றிய பந்தி. டொரீன் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, "அவ்வளவுதானா, லவ்?" என்று கேட்டாள். நான் பென்சிலோடு இருந்தேன். பத்துக் கேள்வியில் இரண்டு சரி. அந்த இரண்டும் குருட்டு வாக்கில் வந்தவை.

அவள் போன பிறகு கேட்டீர்கள், "எப்பிடி?"

எனக்குக் காது வரைக்கும் சூடேறியிருந்தது. எனக்கு விளங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். மற்ற நாட்களில் அப்படித்தானே சொன்னேன்? அன்றைக்கு வேறு மாதிரிச் சொன்னேன். "இவ விழுங்கி விழுங்கி வாசிக்கிறா. பிள்ளையளுக்கு இது சரிவராது. நீங்களே வாசியுங்கோ."

ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கம் ஒன்று. மற்றதையும் எழுதிவிடுகிறேன். டொரீன் வாசிக்கத் தொடங்கினால் சனிக்கிழமைக் காலையில் அந்தக் கதிரையில் எனக்கு என்ன வேலை? அந்த இரண்டு மணித்தியாலம்தான் நான் போன பள்ளிக்கூடம். அதை விட்டுக் கொடுக்க மனம் வரவில்லை.

நீங்கள் அதை அப்படியே நம்பினீர்கள். டொரீனின் கசெற்றில் பேர் எழுதி அலுமாரிக்குள் வைத்தீர்கள்.

கார்த்திகையில் சோதனை வந்தது. இந்த நாட்டு ஆசிரியை ஒருத்தி வாசித்தாளாம். டொரீனின் வேகம், ஒரே ஒரு தரம். உங்கள் வகுப்பில் ஏழு பேர் கேட்பதில் பெயில். சியூ லிங்குக்கு வாசிப்பில் ஐம்பதுக்கு நாற்பத்தாறு, கேட்பதில் பத்தொன்பது. எங்கள் வீட்டுப் பயிற்சியில் பத்துக்கு எட்டுக்குக் கீழே அவள் வந்ததே இல்லை.

அன்றைக்கு மாலை கோட்டைக் கழற்றாமலே வந்து இருந்தீர்கள். "என்ர குரலாலதான், பூமணி" என்றீர்கள். கல்லூரித் தலைவர் மரியாதையாகத்தான் சொன்னாராம், பிள்ளைகள் உங்கள் உச்சரிப்புக்குப் பழகிவிட்டார்கள் என்று. "நான் எப்பிடிக் கதைச்சாலும் யாழ்ப்பாணம்தான். அதுகளின்ர ஒரு வருசத்தை என்ர நாக்குத் திண்டுபோட்டுது."

அப்போது கொப்பி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. முதல் வாசிப்பு நாலு நிமிடம் பத்துச் செக்கன். மூன்றாம் வாசிப்பு ஆறு நிமிடம். உங்கள் முதல் வாசிப்பெல்லாம் டொரீனின் வேகத்துக்குக் கிட்டத்தான் இருந்தது. அதை இழுத்தது நான். திறந்து காட்டியிருக்கலாம். "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றேன்.

தையில் சியூ லிங் சொல்லிக்கொண்டு போக வந்தாள். அதே வகுப்பில் இன்னொரு வருடம் இருக்கத் தகப்பன் சம்மதிக்கவில்லை. அன்றைக்கும் இரண்டு தோடம்பழம். சேரின் குரலில் ஒரு கசெற் வேண்டும் என்று கேட்டாள். "இது உனக்கு உதவாது, பிள்ளை" என்று நீங்கள் தயங்கித் தயங்கி, தொலைந்த குடையைப் பற்றிய கசெற்றைக் கொடுத்தீர்கள். ரயிலடி வரை கூடப் போனீர்கள். திரும்பி வந்து ரெக்கோடரைத் துணியால் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தீர்கள். அதன் பிறகு பேப்பரைக்கூட எனக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டவில்லை. ஆறு மாதம். ஆனியில் ஒரு காலை, வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

அந்த ஆறு மாதத்தில் எத்தனை காலை இருந்தது? ஒவ்வொரு நாளும் விளக்கேற்றி, இன்றைக்குச் சொல்லவேணும் என்று சாமியிடம் சொன்னேன். சாமியிடம் சொன்னது உங்களிடம் சொன்னதாகுமா?

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்ததும் ரெக்கோடரை இறக்கினேன். உங்கள் குரலைப் போடவில்லை. டொரீனின் கசெற்றைப் போட்டேன். தினமும் காலையில் விளக்கேற்றிய பிறகு ஒரு தரம் கேட்டு, ஒவ்வொரு நாளும் புதுத் தாளில் விடை எழுதினேன். இரண்டு வாரம் மூன்றைத் தாண்டவில்லை. மாசியில் ஏழு வந்தது. பங்குனியில் ஒன்பது. விளங்கக்கூடிய குரல்தான் அது. கேட்டுக் கேட்டுப் பழகினால் எனக்கே விளங்குகிறது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு எத்தனை நாள் போதும்? அலுமாரிக்குள் கிடந்ததை அந்த வகுப்புப் பிள்ளைகள் ஒருநாளும் கேட்கவில்லை.

சித்திரையில் இந்த வருடத்து வகுப்பிலிருந்து இரண்டு பெண் பிள்ளைகள் தேடி வந்தார்கள். சேரின் கசெற்றுகள் நல்லாய் விளங்கும் என்று பழைய பிள்ளைகள் சொன்னார்களாம். இல்லை என்று சொல்லி டொரீனுடையதைக் கொடுத்தேன். கிழமைக்கு ஒருதரம் வந்தால் டொரீனே வாசித்துக் காட்டுவாள் என்றும் சொன்னேன். இந்த மனுசி புருசனின் குரலை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முந்தநாள் சியூ லிங்கின் கடிதம் வந்தது. நீங்கள் போன செய்தி அவளுக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. இரண்டு பக்கம், அழகான ஆங்கிலம். இரண்டு சொல்லுக்குத்தான் அகராதி பார்த்தேன். தகப்பனின் கடையில் நிற்கிறாளாம். அந்தக் கசெற்றை இன்னும் போட்டுக் கேட்கிறாளாம். ஆங்கிலத்தில் தனக்குப் பயம் தராத ஒரே குரல் அதுதானாம்.

கடைசியில் ஒரு கேள்வி. பந்தி முடிந்து தம்ளர் தட்டிய பிறகும் கசெற் கொஞ்சம் ஓடுகிறதாம். அதில் சேரும் அன்ரியும் உங்கள் பாஷையில் கதைக்கிறீர்கள், எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன், என்ன சொல்கிறீர்கள் என்று தெரியவில்லை, எழுதி அனுப்புவீர்களா என்று கேட்டிருக்கிறாள்.

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். "குடை. மூன்றாம் வாசிப்பு. நிறுத்த மறந்தது." டொரீன் வந்ததற்கு அடுத்த சனிக்கிழமை. அன்றைக்குக் கதைத்தது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"இப்ப விளங்குதோ?"

"இப்ப நல்லாய் விளங்குது."

"டொரீன்ர கசெற்றையும் பிள்ளையளுக்கு ஒருக்காப் போட்டுப் பாப்பமே?"

"அதை விடுங்கோ. அதுகளுக்கு விளங்காது."

"சரி. உம்மட காதுதான் எனக்கு அளவு."

இதைத்தான் அந்தப் பிள்ளை ஹொங்கொங்கில் இருந்து திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சமையலைப் பற்றிக் கதைத்தோம் என்று எழுதலாம். அவள் நம்புவாள், சிரிப்பாள், இன்னும் அன்பாகக் கேட்பாள். நேற்று முழுக்க அப்படி எழுதத்தான் நினைத்தேன்.

எழுதமாட்டேன். நாளைக்கு விளக்கேற்றிவிட்டு என் ஆங்கிலத்தில் அந்த ஐந்து வரியையும் ஒழுங்கு மாறாமல் அவளுக்கு எழுதுவேன். எந்த வரி யாருடையது என்றும் எழுதுவேன். அதற்குப் பிறகு அவள் கடிதம் போடுவாளோ, அந்தக் கசெற்றைத் திரும்பவும் போடுவாளோ, தெரியாது. தம்பி, நீங்களும் இதை ஒரு வரி வெட்டாமல் மலரில் போடவேணும்.

இஞ்சருங்கோ, ஆறு மாதம் நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள். அப்போது சொல்லவேண்டியதை இப்போது சொல்கிறேன், கேளுங்கோ. உங்கள் குரலில் ஒரு பிழையும் இல்லை. அளவுதான் பிழை.

உங்கட மனுசி,
பூமணி