பார்க்காமல் போட்ட கையெழுத்து

எதிர்மனையில் தூண் வார்த்து, ஈரக் கோணி சுற்றியிருக்கிறார்கள். அந்த வாடை நம் ஸ்ரீரங்கம் ஆபீஸ் ஜன்னல் வழியாக வருகிறது. "கான்கிரீட்டுக்குக் காய்ச்சல்டா, ஈரத்துணி போட்டு வச்சிருக்காங்க" என்பாய். நான் சிரிக்க மாட்டேன். எனக்கு அடுத்த வேலை நிற்கும். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. சிரித்திருக்கலாம்.

முதலில் செய்தி. கட்டடங்களுக்குக் கம்பிக் கணக்குப் போட நாம் சேர்ந்து எழுதின மென்பொருளைப் புனே கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். உன் பங்கு உன் மனைவியிடம் சேர்ந்துவிட்டது. என் பங்கில், இனி ஒரு வேலையும் எடுக்காவிட்டாலும் குடும்பம் ஓடும். "அந்த நாள் வந்தா நமக்குப் பிடிச்ச பில்டிங் மட்டும் பண்ணலாம்டா" என்று சத்திரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் சொல்வாயே, அந்த நாள் வந்தது. நிம்மதி வரவில்லை. பயம்தான் வந்தது. மாடி மேல் மாடி எடுக்கிறவர்களுக்கு, நேரில் போகாமல், படத்தையும் போட்டோவையும் பார்த்து கட்டடம் தாங்கும் என்று நாம் ஸ்டெபிலிட்டி சர்டிபிகேட் கொடுத்த வீடுகள் பத்து இருக்கின்றன. அப்போது ஆபீஸ் வாடகைக்கு வேண்டியிருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது அந்தக் காரணமும் இல்லை.

அதனால் தொழிலையே மாற்றிவிட்டேன். புது வேலை கிடையாது. அந்தப் பத்து வீட்டையும் காசு வாங்காமல் சோதிப்பது, பழுதிருந்தால் சரிசெய்து கொடுப்பது. நமக்கு வரைபடம் போடும் சரளாக்காவிடம் சொன்னேன். "நம்ம தப்ப நாமளே தண்டோரா போடப் போறோமா சார்? நல்லாருக்கு தொழில்!" என்றார்.

முதல் வீடு திருவானைக்காவலில். வீட்டுக்கார அம்மா கேட்டைத் திறக்கவில்லை.

"கையெழுத்துப் போடறப்ப வரல. மூணு வருஷமா மாடில குடியிருக்காங்க. இப்ப என்ன தம்பி திடீர்னு அக்கறை? எவ்வளவு கேப்பீங்க?"

"ஒண்ணும் வேணாங்க."

"அதான் பயமா இருக்கு," என்றபடி திறந்தார்.

கீழே கார் நிறுத்தும் இடத்தில் மூலைத்தூண். சுத்தியலால் தட்டினேன், சத்தம் சரியில்லை. இன்னொரு தட்டுக்குப் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி ஏடு ஏடாக உரிந்திருந்தது. இந்தத் தூண்மேல்தான் இன்னொரு மாடி ஏற்றலாம் என்று தாள் கொடுத்திருக்கிறோம். மேலே ஒரு குழந்தை ஓடும் சத்தம் கேட்டது. ஓடாதே என்று கத்த வேண்டும்போல இருந்தது.

மாடியை அன்றைக்கே காலி செய்யச் சொன்னேன். முட்டுக் கொடுக்க ஆட்களுக்குப் போன் செய்தேன். அந்த அம்மா உள்ளே போய் சர்டிபிகேட்டை எடுத்து வந்தார். உன் பெயர், உன் கையெழுத்து.

"இவர வரச் சொல்லுங்க."

"இறந்துட்டாங்க."

"செத்தவர் மேல போட்டுட்டா முடிஞ்சிடுமா தம்பி?"

முடிந்திருக்கும். உன்னை யாரும் வந்து கேட்கப் போவதில்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நீ வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டாய். "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன்டா" என்றாய். "படத்துல எல்லாம் இருக்கு. போட்டுக் குடுடா, அடுத்த பார்ட்டி காத்திருக்கு" என்று சாவியைப் பிடுங்கி மேஜைக்குள் போட்டது நான்.

"கையெழுத்து அவனோடதுங்க. பாக்காம போடச் சொன்னது நான்" என்றேன். எழுதியும் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார், மடித்துச் சர்டிபிகேட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

மாடியில் இருந்தவர்கள் பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கிறார்கள். தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறோம். இன்னும் ஒன்பது வீடு. இரண்டு பேர் வீட்டை விற்றுவிட்டார்கள், வாங்கியவர்களைத் தேடுகிறேன். ஒருவர் வராதே என்கிறார். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், எந்த வீட்டுக்கு என்ன ஆயிற்றோ என்று, எடுப்பதற்குள் அந்த ஒன்பது வீட்டின் வாசலும் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து போகிறது.