இரண்டு ஃபோன், ஒரு கணக்கு

மார்ச் 4
4417-ஆம் கணக்கு என்னை விடுவதாக இல்லை. காலை ஏழு மணிக்கு இந்தோனேசிய மொழி, மாலை ஆறரைக்குச் சீனம். மறுநாளும் அதே கதை. மருந்து நினைவூட்டும் எங்கள் தளத்தில் ஒருவர் ஏன் தினமும் இரண்டு தடவை மொழியை மாற்ற வேண்டும்?

மார்ச் 5
ஃபோன் வந்தது. கணக்கு கூ என்ற பெரியவருடையது, பேசியது அவர் மகன். "எங்கப்பா கணக்கை யாரோ நோண்டுறாங்க. ஆபீஸ் விட்டு வந்து தொறந்தா தெனமும் ஏதோ புரியாத பாஷை!" வீட்டில் வேறு யார் பார்க்கிறார்கள் என்று கேட்டிருக்கலாம். மேலாளர் பாங் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "யாவ்-டிங், ஆராய்ச்சி போதும். சீனத்துலயே பூட்டிடு." பூட்டினேன்.

மார்ச் 8
மொழி மாறவே இல்லை. ஆனால் மூன்று நாளாகக் காலையில் மாத்திரை தந்ததும் அழுத்த வேண்டிய 'கொடுத்தாச்சு' பொத்தானையும் யாரும் அழுத்தவில்லை. ஏன்?

மார்ச் 11
பொறுக்க முடியாமல் வீட்டுக்கே அழைத்தேன். எடுத்தது வாஹ்யு, பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் இந்தோனேசியப் பெண். சீனம் நன்றாகப் பேசுகிறாள், படிக்கத் தெரியாது. பெரியவர் கணக்கில்தான் அவளும் நுழைகிறாள். என் மாமா வீட்டுப் பணிப்பெண்ணும் அவர் கணக்கில்தானே பார்க்கிறாள்! எனக்கு ஏன் தோன்றவில்லை?

"திடீர்னு எல்லாம் சீனமாயிடுச்சு அக்கா. சாயங்காலம் குப்பை போட வண்டிக்காகத் தெருவுல நிக்கறப்போ எதிர்வீட்டு அக்காட்ட காட்டிப் படிக்கச் சொல்வேன். சனிக்கிழமை ராத்திரி டாக்டர் இதுல பிரஷர் மாத்திரையைப் பாதியாக்கியிருக்கார். ஞாயித்துக்கிழமைதான் வண்டி வராதே, யார்ட்ட கேட்பேன், தாத்தா மகன்ட்ட கேக்கவும் பயம். திங்கக்கிழமை காலையிலயும் முழுசாவே கொடுத்துட்டேன். தாத்தா தலை சுத்தி உட்கார்ந்துட்டார். மகன் சார் பார்த்துட்டு என்னைத்தான் திட்டினார்."

ஐயோ, பூட்டினது நான்தானே!

மார்ச் 12
பாங்கிடம் சண்டை. "கணக்கு ஒருத்தரோடது சார், பாக்குறது ரெண்டு பேர்!" மொழியைக் கணக்கில் வைக்காமல் அவரவர் ஃபோனில் வைக்கிறேன் என்றேன். முறைத்தார். "சாயங்காலத்துக்குள்ள முடி." முடித்தேன். மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

மார்ச் 14
காலையில் இந்தோனேசியம், மாலையில் சீனம், யாரும் எதையும் மாற்றாமலே. பெரியவர் தேறிவிட்டார். நடந்ததை விளக்கி, தப்பு எங்களுடையது என்று மகனிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "அப்போ அந்தப் பொண்ணும் தெனமும் மாத்திக்கிட்டே இருந்துச்சா?"

மார்ச் 19
மாலை 6:42. மகனின் ஃபோன் இந்தோனேசிய மொழிக்கு மாறியது. பதறிப்போய்ப் பார்த்தேன், மறுபடியும் கோளாறா? இல்லை, அவரே மாற்றியிருக்கிறார். வாஹ்யு தினமும் பார்க்கும் மாத்திரைப் பக்கத்தில் அரை நிமிடம் இருந்துவிட்டுச் சீனத்துக்குத் திரும்பினார்.