அறுபது மீட்டர் வேலியும் உறைந்த வாய்க்காலும்

வாட்டர்லாந்து
ஜனவரி கடைசி ஞாயிறு

அன்பு மகள் ஃபெம்மிக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் இடது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம், அங்கே நீ முழங்கால் உட்பட முழு சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவர் ஆசையும். முழங்கால் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். நான்கு வருடம் கழித்து, போன வாரம் வாய்க்கால்கள் உறைந்தன. உன் அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, பனிக்கட்டி பிடித்துவிட்டால் அவருக்கு வயது பன்னிரண்டு. சனிக்கிழமை காலையில் காபிகூடக் குடிக்காமல் பரணிலிருந்து சறுக்குக் காலணியை எடுத்துக்கொண்டு போனவர், பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தோளில் தொங்கிக்கொண்டு வந்தார். "நான் ஒண்ணும் விழல, நாணல் பக்கமா ஒதுங்கினேன், அவ்வளவுதான்" என்று இன்றுவரை சாதிக்கிறார். எட்டு நாளாகப் பட்டாணி சூப்பை சோபாவுக்கே கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அதில் தொத்திறைச்சி குறைவு என்று குறை வேறு.

சரி, நீ போன ஞாயிறு போனில் சொன்னதற்கு வருகிறேன். "கையெழுத்தப் போட்டுத் தொலைம்மா, ஓய்வு பெற ரெண்டு வருஷம்தானே இருக்கு, எதுக்கு இந்த வம்பு" என்றாய். அப்போது உன் அப்பா பக்கத்தில் முனகிக்கொண்டே இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், போடமாட்டேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே, கோபம் இருக்கிறதுதான், ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்து, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுவிட்டு, தெளிவான கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று உனக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. கோடையில் எங்கள் பள்ளி நிர்வாகம் ஒரு கணக்குத் திட்டத்தை வாங்கியது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு டேப்லெட், திங்கட்கிழமை என்றால் நிர்வாகத்தின் எல்லாப் பள்ளிகளிலும் பதினாலாம் பாடம், செவ்வாய் என்றால் பதினைந்து. சரியாக அழுத்தினால் ஒரு மஞ்சள் நட்சத்திரம் குதிக்கும், தப்பாக அழுத்தினால் ஒரு மேகம் வந்து மழை கொட்டும். என் வகுப்பில் இருபத்துநாலு பேர், எல்லாரும் எட்டு ஒன்பது வயது, அக்டோபருக்குள் பாதிப் பேர் மழைக்குப் பயந்து எதையும் அழுத்தாமல் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். பார்த்தேன், நவம்பரில் ஒரு நாள் டேப்லெட் அத்தனையையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, கட்டம் போட்ட பெரிய தாள்களைத் தரையில் விரித்து, "இனிமே நம்ம ஒரு மிருகக்காட்சிசாலை கட்டப்போறோம்" என்றேன்.

ஒரு கட்டம் ஒரு மீட்டர். நாலு பேராக ஆறு குழு, குழுவுக்கு ஒரு விலங்கு, ஒவ்வொரு குழுவுக்கும் அறுபது மீட்டர் வேலி, அதற்குமேல் ஒரு சென்டிமீட்டர் கிடையாது. இதுதான் விதி. முதல் நாளே ஒட்டகச்சிவிங்கிக் குழு இருபத்தொன்பதுக்கு ஒன்று என்று ஒரு நீளமான சந்து கட்டி, "ஓடுறதுக்கு எடம் வேணும்ல டீச்சர்" என்றது. "ஓடிட்டு எப்படித் திரும்பும்?" என்று கேட்டேன், நாலு பேரும் கழுத்தை வளைத்துப் பார்த்துவிட்டு, தாங்களே அழித்துவிட்டார்கள். ஒரே அறுபது மீட்டர் வேலிக்குள் இருபத்தொன்பது கட்டமும் அடங்கும், இருநூறு கட்டமும் அடங்கும் என்று கண்டுபிடித்த அன்று அந்த வகுப்பில் இருந்த இரைச்சலைக் கேட்டுத்தான் தலைமையாசிரியர் ரூலோஃப் முதல்முறையாக எட்டிப் பார்த்தார். நல்ல பிள்ளைதான், வயது முப்பத்தெட்டு, நிர்வாகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தால் மூன்று நாள் சாப்பிடமாட்டார்.

ஓநாய்க் குழுவில் ரென்ஸ்கே என்று ஒரு பெண். தெற்கு மதகுக்குப் பக்கத்தில் அறுபது மாடு வைத்திருக்கும் பண்ணைக்காரரின் மகள், நகத்தில் எப்போதும் மண், பேச்சில் ஒளிவுமறைவே கிடையாது. அவள் ஒரு நாள் எழுந்து, "எதுக்கு டீச்சர் நாலு பக்கமும் வேலி? எங்க மாட்டுக்கு மூணு பக்கம் வாய்க்கால்தான், ரோட்டுப் பக்கம் மட்டும்தான் வேலி" என்றாள். சொல்லிவிட்டு அறுபது மீட்டரையும் ஒரே நேர்கோடாகப் போட்டாள், மற்ற மூன்று பக்கமும் நீலப் பென்சிலால் வாய்க்கால் இழுத்தாள். அறுபதுக்கு நாற்பது, இரண்டாயிரத்து நானூறு சதுர மீட்டர். மற்ற ஐந்து குழுவும் வாயைப் பிளந்தது, மறுநாள் வகுப்பில் நீலப் பென்சிலே மிச்சமில்லை. நான் தடுக்கவில்லை, உண்மையைச் சொன்னால் எனக்கே பெருமையாக இருந்தது. இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு வேலி என்றால் வாய்க்கால்தானே, எனக்கும் அது தப்பாகவே தோன்றவில்லை.

ஜனவரி தொடக்கத்தில் அரையாண்டுத் தேர்வு, அதுவும் டேப்லெட்டில்தான். அதில் ஒரு கேள்வி, மாடு படம் போட்டு, புல்வெளி முப்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம், எத்தனை மீட்டர் வேலி வேண்டும் என்று. நூறு என்று அழுத்தியிருக்க வேண்டும். ரென்ஸ்கேயும் இன்னும் எட்டுப் பேரும், மூன்று பக்கம் வாய்க்கால்தானே, ரோட்டுப் பக்கத்து இருபது மீட்டர் போதும் என்று இருபதை அழுத்தினார்கள், மேகம் வந்து மழை கொட்டியது. ஏன் இருபது என்று எழுத அந்தப் பெட்டியில் இடமில்லை. அந்த ஒரு கேள்வியால் வகுப்பின் சராசரி கோட்டுக்குக் கீழே போய்விட்டது, அதற்குப் பிறகுதான் ரூலோஃப் அந்தத் தாளை என் மேசையில் வைத்தார். இனி திட்டத்தில் உள்ளதை உள்ள வரிசையில் மட்டுமே நடத்துவேன், மிருகக்காட்சிசாலையைக் கலைத்துவிடுவேன், தவறினால் என் வகுப்பை வேறு ஆசிரியரிடம் ஒப்படைக்கச் சம்மதம் என்று மூன்று வரி. "ஆஃப்கெ, உங்களுக்கு எதிரா நான் ஒண்ணும் இல்ல, ஆனா மேலேர்ந்து கேக்குறாங்க" என்றார். "மேலேர்ந்து கேக்குறவங்க கீழ வந்து ஒரு வாட்டி பாத்தாங்களா ரூலோஃப்" என்றேன். வெள்ளிக்கிழமை, அதாவது முந்தாநாள், கடைசி நாள் என்று கெடு வைத்தார். நீ போனில் கையெழுத்துப் போடச் சொன்னது இந்தத் தாளில்தான்.

இதற்கு நடுவில்தான் வாய்க்கால் உறைந்தது. ஊரே சனி ஞாயிறு இரண்டு நாளும் பனிக்கட்டியின் மேல்தான். திங்கட்கிழமை காலை மணியடிப்பதற்கு முன்பே ரென்ஸ்கே மூச்சிரைக்க ஓடிவந்து, "டீச்சர், எல்லாம் போச்சு, நம்ம மிருகக்காட்சிசாலை காலி!" என்றாள். என்னடி என்றால், "நேத்து நான் எங்க வயல்லேர்ந்து பக்கத்து வயலுக்கு வாய்க்கால் மேலயே நடந்து போனேன், நான் போனா ஓநாய் போகாதா?" என்றாள். ஒருத்தன் "அய்யோ, கரடி!" என்று கத்தினான், ஒட்டகச்சிவிங்கி சறுக்கி விழும் என்று ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். மாடுகளைக் குளிர்காலத்தில் கொட்டகைக்குள் கட்டிவிடுகிறோம், அதனால் நம் யாருக்கும் இது தோன்றியதே இல்லை பார், முப்பத்தாறு வருடம் கணக்கு நடத்திய எனக்கும் தோன்றவில்லை. அவர்களே தரையில் விழுந்து கணக்குப் போட ஆரம்பித்தார்கள். மிச்ச மூன்று பக்கத்துக்கும் வேலி வேண்டுமென்றால் குழுவுக்கு நூற்று நாற்பது மீட்டர், ஆறு குழுவுக்கு எண்ணூற்று நாற்பது, கையில் ஒன்றுகூட இல்லை. அதனால் திரும்பவும் அறுபது மீட்டருக்கே சுருங்க வேண்டும், அறுபதில் எது பெரியது என்று தேடித்தேடி, பதினைந்துக்குப் பதினைந்து, இருநூற்று இருபத்தைந்து என்று வந்து நின்றார்கள். அதற்குமேல் நகரவில்லை, எல்லார் முகமும் தொங்கிப்போனது.

செவ்வாய்க்கிழமை இந்த ரகளைக்கு நடுவில்தான் நிர்வாகத்திலிருந்து திருமதி ஸ்லிங்கர் வந்தார், ரூலோஃப் பின்னாலேயே. சாம்பல் கோட்டு, கையில் நோட்டு. காபி கொடுத்து, ஒரு பிஸ்கட்டும் கொடுத்து, ஆளுக்கு ஒன்றுதான் என்ற நம் ஊர் முறைப்படி பிஸ்கட் டப்பாவை மூடிவிட்டேன். அவர் ரென்ஸ்கேயிடம் குனிந்து, புல்வெளிக் கேள்விக்கு நீ ஏன் இருபது என்று போட்டாய் என்று கேட்டார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது கோடைக்கு. இப்பக் கேட்டா நூறு" என்றாள். திருமதி ஸ்லிங்கர் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். அந்த நேரம் பார்த்து ரென்ஸ்கே கட்டத்தாளில் இரண்டு குழுவின் கூண்டுகளை ஒட்டி வைத்துவிட்டு, "ஏய், நடுவுல ஒரு வேலி போதும்டா, ரெண்டு பேருக்கும் அதே வேலிதான்!" என்று கத்தினாள். அவ்வளவுதான், ஆறு கூண்டையும் மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் ஒட்டிவிட்டார்கள், ஓநாய்க்கு அடுத்து யார் என்று ஒரு சண்டை போட்டு, எல்லா வேலியையும் பொதுவில் கொட்டி, மூன்று நாள் எண்ணினார்கள். முன்னூற்று அறுபது மீட்டர் வேலியில், ஒவ்வொரு கூண்டும் இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று, நானூற்று நாற்பத்தொரு சதுர மீட்டர், மூன்று மீட்டர் மிச்சம். திங்கட்கிழமை முகம் தொங்கிய இருநூற்று இருபத்தைந்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, வாய்க்கால் உறைந்தாலும் கவலையில்லை. எந்தப் பாடத்தில் இருக்கிறது இது, பதினாலிலா பதினைந்திலா? திருமதி ஸ்லிங்கருக்கு அந்தச் செவ்வாயன்றே இரண்டாவது முறை டப்பாவைத் திறந்தேன், நான் அதைச் சும்மா யாருக்கும் செய்யமாட்டேன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் கிளம்பும்போது அவர், "நான் பார்த்தது எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா மதிப்பெண் போடுறது நான் இல்ல, கம்ப்யூட்டர்" என்றார். நான், "அப்ப கம்ப்யூட்டருக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து அனுப்புங்க, அடுத்த வாட்டி அதுவே வரட்டும்" என்றேன். உன் அப்பாவிடம் சொன்னேன், முழங்காலை மறந்து சிரித்தார்.

வெள்ளிக்கிழமை அந்தத் தாளை ரூலோஃபிடம் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பின்பக்கம் ரென்ஸ்கேயின் கணக்கை அவள் கையாலேயே எழுத வைத்திருந்தேன். அவர் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை நிர்வாகக் கூட்டம் முடிவு செய்யும்" என்றார். வகுப்பை என்னிடமிருந்து எடுத்தால் எடுக்கட்டும். இருபத்துநாலு தலைக்குள் போனதை எந்தக் கூட்டமும் எடுக்க முடியாது.

இனி உனக்கு மட்டும் ஒன்று. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டாய். அப்போது உனக்கு ஒன்பது வயது, சமையலறை மேசையில் வீட்டுப்பாடம். இதே மாதிரி ஒரு வயல், இதே மாதிரி ஒரு வேலி. நீ தலையைத் தூக்கி, "நம்ம வீட்டுக்குப் பின்னால வேலியே இல்லையேம்மா, தண்ணிதானே இருக்கு" என்றாய். எனக்கு அன்று அடுப்பில் உருளைக்கிழங்கு, மறுநாள் காலைக்குள் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள், நான் எதையும் கேட்காமல் உன் விடையை ரப்பரால் அழித்துவிட்டு, "புத்தகத்துல இருக்கிறதப் போடு" என்றேன். நீ போட்டாய். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாய். அதற்குப் பிறகு கணக்கில் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, நானும் அதை ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ரென்ஸ்கே நீலப் பென்சிலை எடுத்த அன்றுதான் எனக்கு அந்த மேசை ஞாபகம் வந்தது, கண்ணே, அன்று இரவு முழுக்க உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ சொன்னதுதான் சரி, தண்ணிதான் இருந்தது. ஒரு முறை அழித்தாகிவிட்டது, இன்னொரு முறை என் கை அதைச் செய்யாது, யார் தாள் நீட்டினாலும்.

என்னை வகுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று எங்கிருந்து கேள்விப்பட்டார்களோ, வெள்ளி மாலை பிள்ளைகள் மிச்ச மூன்று மீட்டரை என்ன செய்வது என்று கைதூக்கி ஓட்டுப் போட்டார்கள். ஒரு நிஜக் கயிற்றை மூன்று மீட்டர் அளந்து வெட்டி, நாலாகப் பங்கிட்டு, பக்கத்துக்கு எழுபத்தைந்து சென்டிமீட்டர் என்று என் நாற்காலியைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். "யாரும் தூக்கிட்டுப் போக முடியாது" என்றாள் ரென்ஸ்கே. நானும் அவிழ்க்கவில்லை, நாளையும் காலைத் தூக்கி வைத்துத்தான் உள்ளே போவேன்.

அங்கே வெயில் தோலை உரிக்குமாம், தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. அப்பாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுது, விழவில்லை, ஒதுங்கினார் என்றே எழுது. வியாழக்கிழமை என்ன ஆனாலும் எனக்குப் போன் செய், சமாதானம் சொல்ல அல்ல, ஒரு கேள்வி கேட்க, எந்தக் கணக்காக இருந்தாலும் சரி. நீ நீடூழி வாழ வேண்டும், எதிலும் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும்.

எழுபத்தைந்துக்கு எழுபத்தைந்து சென்டிமீட்டர் இடத்தை விட்டுக்கொடுக்காத,
உன் அம்மா ஆஃப்கெ