வாள்காரிக்கு நீங்கள் கொடுத்த தமிழ்

அண்ணை,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு தியேட்டர் நிறைய ஆட்கள் படம் பார்த்துக்கொண்டிருக்க, நடுவில் நான் ஒருவன் எழும்பி நின்று ஜாக்கெட்டின் சிப்பை இழுத்துப் பூட்டினேன். தொப்பியையும் போட்டேன். பக்கத்திலிருந்த மகளிடம், "எழும்பு பிள்ளை, சனம் நெரிபட முதல் வெளிக்கிடுவம்" என்றேன்.

ஆரணி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, சிட் டவுன். படம் முடியேல்லை."

"முடிஞ்சுது. எனக்குத் தெரியும்."

சொன்ன வாய் மூடவில்லை. திரையில், பனிக்குள் முழங்காலில் இருந்த வாள்காரி வாளை உருவி, முன்னால் இருந்த கிழவனை ஒரே வெட்டாக வெட்டினாள். தோட்டத்துக் குழாய் வெடித்தது மாதிரி ரத்தம் சீறியது. "ஐயோ, அது தேப்பனெல்லோ" என்றேன். மனதுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து ஒருவர், தயவுசெய்து இருங்கள் என்று மிக மரியாதையாகக் கேட்டார். யாரோ சிரிக்க, அது நாலு பக்கமும் பரவியது. ரத்தத்தைப் பார்த்துச் சிரித்தார்களா, என்னைப் பார்த்துச் சிரித்தார்களா என்று இன்னும் எனக்குச் சந்தேகம். அந்தப் படம் அப்படி, இரண்டுக்கும் சிரிக்கலாம்.

மகள் காதுக்குள் சொன்னாள். "அப்பா, அது அவளின்ர டாட் இல்லை. சின்னனிலை அவளை வித்த ஆள். சப்டைட்டில் வாசிக்கேல்லையா நீங்கள்?"

வாசிக்கவில்லை, அண்ணை. எதற்கு வாசிக்க வேண்டும்? அந்தப் படத்தின் வசனம் முழுக்க எனக்குப் பாடம். நீங்கள் சொல்லித் தந்த வசனம்.

ஆரணிக்கு இப்படியான பழைய, கூடாத படங்களில் ஒரு பைத்தியம். வாள், பழிவாங்கல், தேவையில்லாத இடத்தில் துணி விலகல், குழாய் ரத்தம். அதற்கென்றே லண்டனில் ஒரு கூட்டம் இருக்கிறது. யாரோ பழைய பிலிமைக் கழுவித் துடைத்துத் திரும்பப் போட, இவர்கள் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கிறார்கள். போனில் போஸ்டரைக் காட்டினாள். சிவப்புக் கிமோனோ, ஒரு தோள் வெளியே, அதில் பச்சை குத்தின மீன். இந்தப் பொம்பிளையை எனக்குத் தெரியும் என்றேன். அவள் நம்பவில்லை. ஓ.எல். சோதனையில் கணக்கில் கோட்டை விட்டு, சூப்பர்மார்க்கெட்டில் தகரப்பேணி அடுக்குகிற அப்பாவுக்கு ஜப்பான் சினிமா தெரியும் என்று எந்தப் பிள்ளை நம்பும்.

லண்டன் செவன் கிங்ஸ் வீட்டில், ஊரிலிருந்து வந்த நாங்கள் எல்லாரும் ஒன்றாக இருந்த காலம் அது. ஷிப்ட் முடிந்து வந்து, பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கிடப்போம். காபூட் சேலில், பழைய சாமான் விற்கிற சந்தையில், நீங்கள் வாங்கி வந்த ஒரு பெட்டிக்குள் அந்த வீடியோ டேப் கிடந்தது. கவர் முழுக்க ஜப்பான் எழுத்து. போட்டுப் பார்த்தால் சப்டைட்டிலும் இல்லை.

"இதை வைச்சு என்ன செய்யிறது, கதவுக்கு முண்டு குடுக்கிறதோ?" என்றான் மன்னார் ஞானம்.

நீங்கள் ரிமோட்டை எடுத்துக்கொண்டு முன்னுக்கு வந்து இருந்தீர்கள். "நான் சொல்லுறன். நீங்கள் பாருங்கோ."

"உங்களுக்கு ஜப்பான் பாசை தெரியுமோ, அண்ணை?" என்று கேட்டவன் நான்தான்.

"கப்பலிலை வேலை செய்த ஆளடா நான்."

கப்பலில் நீங்கள் உருளைக்கிழங்கு உரித்தீர்கள் என்பது கனகாலம் கழித்துத்தான் தெரிய வந்தது. அப்போதும் நான் சந்தேகப்படவில்லை. கிழங்கு உரிக்கிறவன் காது கேளாதவனா என்ன.

சூதாட்டக் காட்சி உங்கள் தமிழில் மாதச் சீட்டுப் பிடிக்கிற இடமாக மாறியது. ஒரு மீசைக்காரன் சீட்டுக் காசோடு ஓடப் பார்க்கிறான். வாசலில் வாள்காரி. வாயசைவு பிசகாமல் இரண்டு பேருக்கும் நீங்களே பேசுவீர்கள்.

"எங்கையடா என்ர அப்பா?"

"உன்ர கொப்பரை நான் மடியிலையோ கட்டி வைச்சிருக்கிறன்?"

"பொய் சொல்லாதை. உன்ர மீசை நடுங்குது."

துணி விலகுகிற காட்சி வந்தால் எழும்பி டிவியை மறைத்து நிற்பீர்கள். "பிள்ளை குளிக்கப் போறாள். நீங்கள் தேத்தண்ணி போடுங்கோ." ஞானம் விடமாட்டான். "இவ்வளவு நேரமும் குளிக்கிறாளோ அண்ணை, தண்ணி பில் ஆர் கட்டுறது?" நீங்கள் அசைய மாட்டீர்கள். உங்கள் முதுகைத்தான் நாங்கள் அந்தப் படத்தில் அதிகம் பார்த்திருக்கிறோம்.

உங்கள் கதையில் அவள் ஒருவரையும் பழிவாங்க அலையவில்லை. சின்ன வயதில் தன்னை விட்டுவிட்டு வெளிநாடு போன தகப்பனைத் தேடிப் போகிறாள். அவளிடம் வெட்டு வாங்குகிறவன் எல்லாம் வழியை மறித்தவன். ஒருவன் காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன், ஒருவன் பாஸ்போட்டைப் பறித்தவன். கிமோனோக் காலத்தில் ஏஜென்சிக்காரன் எங்கிருந்து வந்தான் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரு ஏஜென்சிக்காரனைத் தெரிந்திருந்தது.

கடைசியில் பனி கொட்டும். கிழவன் நெருப்புச் சட்டிக்கு முன்னால் இருப்பான். அவள் வந்து முழங்காலில் இருந்து தலையைக் குனிவாள். கிழவன் வாயைத் திறப்பான். "வந்திட்டியோ, பிள்ளை" என்பீர்கள் நீங்கள், மற்ற வசனங்களுக்கு இல்லாத ஒரு மெல்லிய குரலில். உடனே ஸ்டாப். டிவி நீலமாகிவிடும். "படம் முடிஞ்சுது. மிச்சம் விளம்பரம்." டேப்பை வெளியே எடுத்தால் இடப்பக்கச் சுருளில் ஒரு விரல் தடிப்புக்கு நாடா மிச்சம் இருக்கும். எல்லாருடைய கண்ணும் அதைக் கண்டிருக்க வேண்டும். ஜப்பான்காரனுக்கு விளம்பரம் கூட என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தியேட்டரிலிருந்து வந்து எலிசபெத் லைன் ரயிலில் இல்ஃபோர்ட்டுக்குத் திரும்புகிறபோது ஆரணி கேட்டாள். "பெரியப்பா ஏன் அப்பா அதிலை நிப்பாட்டினவர்? அவருக்கு எண்டிங் தெரியாதா?"

தெரியாமல் என்ன. வாங்கின அன்றே தனியே இருந்து கடைசி வரைக்கும் ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். அதுவரை என் மரமண்டையில் சேராத இரண்டு விஷயம், ஸ்ட்ராட்போர்டுக்கும் இல்ஃபோர்ட்டுக்கும் இடையில் சேர்ந்தது. நடக்கப் பழகுகிற வயதில் நீங்கள் ஊரில் விட்டு வந்த மகளை நினைத்தேன். சனிக்கிழமைகளில் தாய் அவளை போனடிக்குக் கூட்டி வருவாள். "அப்பா எண்டு சொல்லு" என்று தாய் சொல்லிக் கொடுப்பது எங்கள் அறை வரைக்கும் கேட்கும். பிறகு தாய் செத்துப் போனாள். உங்கள் அகதிக் கேசு முடியவில்லை. வெளிக்கிட்டால் இங்கே திரும்ப வர ஏலாது, வராவிட்டால் பிள்ளையைக் கூப்பிடவும் ஏலாது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹீத்ரோ வரைக்கும் போய், அங்கே நின்றுவிட்டு, டியூபில் திரும்பி வந்தீர்கள். அம்மாவின் செத்தவீட்டுக்கு வராத மனுசனோடு கதைக்கமாட்டன் என்று அவள் சொல்லிவிட்டாள். விசா கிடைத்தபோது, வரமாட்டன் என்றாள். கலியாணம் கட்டி டொரொண்டோவுக்குப் போனாள், அங்கிருந்தும் பேச்சில்லை.

அவள் என்றாவது ஒரு நாள் வந்து உங்கள் முன்னால் இருந்தால் கையில் என்ன கொண்டு வருவாள் என்று உங்களுக்குப் பயம். அதனால்தான் அந்தக் கிழவன் வெட்டு வாங்க நீங்கள் ஒருநாளும் விடவில்லை. இதை நான் ஆரணிக்குச் சொன்னேன். அவள், "ஹிஸ் வேர்ஷன் இஸ் பெட்டர்" என்றாள்.

எனக்கு உங்கள் குரல் வேண்டும் போல இருக்கிறது, அண்ணை. இப்போது எந்தப் பாசைப் படத்துக்கும் போனிலேயே எழுத்து வருகிறது, ஒன்றும் குறையில்லை. ஆனாலும் சில நாட்களில் மனுசி கடைக்குப் போன நேரம் பார்த்து, கொரியாக்காரரின் நாடகம் ஒன்றைச் சத்தம் இல்லாமல் போட்டு நானும் சொல்லிப் பார்ப்பேன். இரண்டு வசனத்துக்குமேல் ஓடாது. எனக்கு எல்லாரும் ஒரே குரலில்தான் கதைக்கிறார்கள், சூப்பர்மார்க்கெட் மனேஜர் மாதிரி.

ஒரே ஒரு தரம்தான் அந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்திருக்கிறேன். அது உங்களுக்குத் தெரியாது.

பக்கவாதம் வந்து உங்கள் பேச்சு குழறிப் போன பிறகு, ஆஸ்பத்திரியில் நேர்சுமாருக்கு விளங்காது, டாக்டர்மாருக்கு விளங்காது. பின்னேரங்களில் வந்து வந்து எனக்கு மட்டும் அந்தக் குழறல் பழகிவிட்டது. சக்கரை இல்லாத தேத்தண்ணியைத் திட்டுகிறீர்கள் என்று நான் சொன்னால் நேர்ஸ் சிரிப்பாள். நான்தான் டொரொண்டோவுக்கு போன் பண்ணினேன். வருவன் என்று உங்கள் மகள் சொல்லவில்லை. ஒரு பின்னேரம் வார்டு வாசலில் வந்து நின்றாள். உங்கள் நெற்றி, உங்கள் நாடி. நான் கேட்டு அறிய ஒன்றும் இருக்கவில்லை.

கட்டிலுக்குக் கிட்ட வரவில்லை. அங்கே நின்றபடியே, "அம்மாவின்ர செத்தவீட்டுக்கு ஏன் வரேல்லை எண்டு கேளுங்கோ, அங்கிள்" என்றாள். நான் கேட்டேன். நீங்கள் ஏதோ முனகினீர்கள், தண்ணீர் கேட்ட மாதிரித்தான் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். கேசு, திரும்பி வர ஏலாமை, அவளைக் கூப்பிட வேணும் என்ற ஆசை, ஹீத்ரோவில் பெட்டியோடு நின்றது எல்லாவற்றையும், உங்கள் வாயசைவு நின்று கனநேரம் ஆகியும் சொல்லிக்கொண்டே போனேன்.

"இவ்வளவத்தையும் அவர் இப்ப சொன்னவரோ?"

"அவர் சுருக்கமாத்தான் கதைக்கிறவர், தங்கச்சி. நான் விரிச்சுச் சொல்லுறன்."

அவள் என்னைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியாது. கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள். உங்கள் விரல்களில் நகம் வளர்ந்து கிடந்ததை அந்தக் கோபத்துக்குள்ளும் கண்டிருக்கிறாள். ஒவ்வொரு விரலாகப் பிடித்து வெட்டினாள். கடைசி விரல் முடிந்தும் கையை விடவில்லை. குனிந்து, "அப்பா" என்றாள். ஒருவரும் சொல்லிக் கொடுக்காமல்.

நீங்கள் அவளைக் கனநேரம் பார்த்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி ஒன்று கேட்டீர்கள். எல்லா நாளையும்விட அன்றைக்கு உங்கள் பேச்சு எனக்கு ரேடியோச் செய்தி மாதிரித் தெளிவாக விளங்கியது.

"என்னவாம், அங்கிள்?"

"கனதூரம் பறந்து வந்து களைச்சிருப்பாய், இதிலை இரு எண்டு சொல்லுறார்."

அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை எழும்பவில்லை. அந்த வசனத்தோடுதான் டொரொண்டோவுக்குத் திரும்பிப் போனாள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு, இன்றைக்கும் போனில், "அப்பா என்னை இருக்கச் சொன்னவர்" என்பாள். ஓம் பிள்ளை என்பேன். ரயிலில் எல்லாம் சொன்ன ஆரணிக்கும் இதை மட்டும் நான் சொல்லவில்லை.

நீங்கள் என்னிடம் கேட்டது, "ஆர் தம்பி, இந்தப் பிள்ளை?"