இடப்பக்கம் போன பத்து ரவைகள்

அடி அண்ணாமலை,
புதன்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் ஆதிலட்சுமி எழுதுவது. இங்கே நானும் நம் குழந்தை அபிநயாவும் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? ஏசி காற்றுக்கு நேராகப் படுக்காதீர்கள்.

தினமும் போனில் பேசிவிட்டு இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் மஸ்கட் ரூமில் ஏழு பேர் கேட்கிறார்கள். போதாததற்கு, நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் முழுசாகத் தப்பாகப் புரிந்துகொண்டு, "சரி சரி, உடு"ன்னு வைத்துவிடுவீர்கள். இதை நீங்கள் கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும். அதனால் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கிளம்புகிற மணி அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடும் போட்டி எப்படி நடந்தது என்று கேட்டதற்கு, "பரவால்ல"ன்னு மட்டும் சொன்னேன் அல்லவா? அது பொய்.

எதற்காகப் போனேன் என்பதையும் நான் சொல்லவில்லை. டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள். மாவட்டப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்து மாநிலப் போட்டிக்குத் தேர்வானால் அந்த வேலை எனக்குத்தான் என்று பிரின்சிபால் அம்மா சொல்லியிருந்தார். வேலை கிடைத்துவிட்டால், மாதக் கடைசியில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு என்று உங்கள் கம்பெனியில் நீட்டப்போகிற காகிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஊருக்கு வந்துவிடலாம். கையில் வேலையை வைத்துக்கொண்டு உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் அதுவரை வாயைத் திறக்கவில்லை.

போன இடத்தில் எல்லோர் கையிலும் புத்தம் புதுத் துப்பாக்கி. பெட்டியைத் திறந்தால் உள்ளே மெத்தை. நம்முடையதோ கிரிவலப் பாதையில் நம் பௌர்ணமிக் கடையில் பதினொரு வருஷம் பலூன் சுட்டது. கட்டையில் நீங்கள் சுற்றிய கறுப்பு டேப், அதன்மேல் அபிநயா ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கர். போட்டி நடத்துகிற தேவிப்ரியா மேடம், "அக்கா, இது எந்த கம்பெனிங்க?"ன்னு கேட்டார். "அடி அண்ணாமலை கம்பெனிங்க, பழைய சாமான் கடையில வாங்குனது"ன்னேன். வரிசையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்புதான்.

நம் துப்பாக்கியின் சங்கதி நம் இரண்டு பேருக்குத்தானே தெரியும்? கடை போட்ட புதிதில், வருகிறவர்கள் எல்லாம் பலூனை உடைத்துப் பரிசை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று, குழல் நுனியில் குறி பார்க்க இருக்கிற முள்ளை நீங்கள் ஒரு மயிரிழை இடப்பக்கம் வளைத்து வைத்தீர்கள். அன்றிலிருந்து நேராகக் குறி வைத்தால் ரவை வலப்பக்கம் போகும். நான் மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிக் குறி வைப்பேன், நடுவில் போய் விழும். இத்தனை வருஷத்தில் என் கை அப்படியே பழகிவிட்டது.

போட்டிக்கு முன்னால் பத்து நிமிஷம் சும்மா சுட்டுப் பழகிக்கொள்ளலாம், அது கணக்கில் வராது என்றார்கள். எனக்கு வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் துப்பாக்கியை எனக்குத் தெரியாதா என்று எத்தனை திமிர் பாருங்கள்!

முதல் பத்து ரவை சுட்டதும் குறிக் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். பத்து ஓட்டையும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கிவிடும். ஆனால் அத்தனையும் நடுவை விட்டு இடப்பக்கம் விலகி இருந்தன. தேவிப்ரியா மேடம், "இன்னாக்கா, எல்லாம் ஒரே எடத்துல தான் போயிருக்கு, ஆனா அந்தாண்ட போயிருக்கே"ன்னாங்க. துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தேன். முள் நேராக நின்றது. குறடு பட்டுக் கீறக்கூடாது என்று துணி சுற்றித் திருப்பியிருக்கிறீர்கள், ஒரு நூல் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

போன பௌர்ணமிக் கடை முடிந்த பிறகு, லீவு முடிந்து நீங்கள் மஸ்கட் கிளம்பிய அன்று காலையில், நான் பொடி அரைக்க மில்லுக்குப் போயிருந்தபோது செய்த வேலை. பெண்டாட்டி போட்டிக்குப் போகிறாள், கோணல் துப்பாக்கியோடு போகலாமா என்று நினைத்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொல்ல வெட்கம், அதுதானே? நீங்கள் போன பிறகு எனக்கும் அந்தத் துப்பாக்கிப் பையைத் திறக்கவே பிடிக்கவில்லை, அதனால் தெரியாமலே போய்விட்டது. அங்கேயே உங்களை நன்றாகத் திட்டினேன். திட்டும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மேடம் குறடு கொடுத்து, வேண்டுமானால் பழையபடி வளைத்துக்கொள்ளுங்கள் என்றார். வாங்கினேன். நீங்கள் நிமிர்த்தியதை வளைக்க மனசு வரவில்லை. நேராகவே குறி வைத்துச் சுட்டேன். கை இடப்பக்கமே இழுத்தது. கடைசி இரண்டு காகிதத்தில்தான் நான் நினைத்த மாதிரி சுட முடிந்தது. நாலாவதாக வந்தேன். பிரின்சிபால் அம்மா, "அடுத்த வருஷம் பாக்கலாம்மா"ன்னு சொல்லிவிட்டார்.

நேற்றுப் பௌர்ணமி. நிமிர்ந்த முள்ளோடுதான் கடை போட்டேன். எட்டு மணிக்குள் பரிசுக்கு வைத்த சோப்பு டப்பா, சீப்பு எல்லாம் காலி. நஷ்டம்தான். ஆனால் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவும் கூச்சமாக இல்லை, மாமா.

இதைப் படித்ததும் உங்கள் புத்தி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நம்மால்தான் அவள் வேலை போனது, இன்னும் இரண்டு வருஷம் இருந்து ஈடுகட்டுவோம் என்று ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். அதனால்தான் போனில் சொல்லவில்லை. நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. பழகிப் பார்க்காமல் உட்கார்ந்தது என் தப்பு. நீங்கள் செய்தது எனக்குப் பிடித்திருந்தது.

வேலையைக் காட்டி உங்களை வரச் சொல்லலாம் என்று இருந்தேன். இப்போது காட்ட ஒன்றும் இல்லை. இந்தப் பதினொரு வருஷத்தில் எனக்கு இது வேண்டும் என்று உங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அண்ணாமலையார் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வெறுங்கையோடு வந்தாலும் போதும், வந்துவிடுங்கள்.

உங்கள்,
லட்சுமி