கான்சஸ் போட்ட 'இல்லை'

ஜூன் 24, 2022

கோதுமை அறுவடை. லாரி ரேடியோவில் கேட்டேன் — கருக்கலைப்பு உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. இனி அந்தந்த மாநிலத்தின் பாடு. எங்கள் கான்சஸில் ஆகஸ்ட் இரண்டாம் தேதி ஓட்டு: மாநில அரசியல் சாசனம் தரும் உரிமையையும் நீக்கலாமா? 'ஆம்' போட்டால் போய்விடும். 'இல்லை' போட்டால் நிற்கும்.

விசிட்டா நகரத்திலிருந்து மகள் ஜனெல் கூப்பிட்டாள். போன வருஷம் ஐந்து மாதக் கர்ப்பத்தில் பனிக்குடம் உடைந்து, காய்ச்சலில் அனத்திக்கொண்டு கிடந்தவள். டாக்டர் உடனே கருவைக் கலைத்ததால்தான் இருக்கிறாள்.

"அம்மா, அன்னிக்கு அந்த டாக்டர் சட்டத்துக்குப் பயந்து, வக்கீலைக் கேட்டுட்டு வரேன்னு போயிருந்தா?"

அன்றைக்கே 'இல்லை' பிரச்சாரத்துக்குப் பேர் கொடுத்தேன்.

ஜூலை 9

வீடு வீடாகப் போய்ப் பேசுகிறேன். ஐம்பத்தெட்டு வயதில்! சர்ச் வாசலில் நாத்தனார் வெல்டா மடக்கினாள். "வெக்கமா இல்லையா அண்ணி? ஃபாதர் முகத்துல எப்படி முழிப்பீங்க?"

"நான் ஜனெல் முகத்துல முழிக்கணும்டி" என்றேன். சொல்லிவிட்டு காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 20

மாட்டுப்பண்ணை கிளாசன் நாயை அவிழ்த்துவிடுவார் என்றே நினைத்தேன். "எனக்குக் கருக்கலைப்பே பிடிக்காது. ஆனா, என் வேலியத் தாண்டவே அரசாங்கத்தை விடமாட்டேன். என் பொண்ணு வயித்துல அதுக்கு என்ன வேலை?" என்றார். குடிக்க ஐஸ் டீ வேறு!

ஆகஸ்ட் 1

போனில் ஒரு குறுஞ்செய்தி: 'ஆம்' போட்டால்தான் பெண்கள் உரிமை நிலைக்குமாம். அப்பட்டமான பொய்! எவன் அனுப்பினான்? தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, தொண்டை கட்டிவிட்டது. அதுவரை வாயே திறக்காத என் வீட்டுக்காரர் ஆல்வின், "இங்க கொடு. மிச்சப் பேர்கிட்ட நான் பேசறேன்" என்று போனை வாங்கினார். இந்த மனுஷனா!

ஆகஸ்ட் 2

கொளுத்தும் வெயில். அதிலும் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. போட்டுவிட்டோம்.

ஆகஸ்ட் 3

ஜெயிச்சாச்சு! ஜெயிச்சாச்சு! பத்துக்கு ஆறு பேர் 'இல்லை'. பழமையில் ஊறிய கான்சஸில்! எங்களை யார் கணக்கில் வைத்திருந்தார்கள்? ஆல்வின் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆகஸ்ட் 14

ஜனெலும் மாப்பிள்ளையும் வந்தார்கள். சாப்பாட்டுக்கு நடுவே, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, இன்னொரு குழந்தைக்குப் பார்க்கலாம்னு இருக்கோம். இப்பதான் தைரியம் வந்திருக்கு."

ஆல்வின் அவள் தட்டில் இன்னொரு கறி பன்னை வைத்தார்.